டிஃப் லாக் விளக்கு சிமிட்டுகிறதா? சென்சார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற பாதையை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே கோபம் வரும். உருண்டைக் கல், வெட்டுக்குழி, மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடை, நடுநடுவே ஜீப் சக்கரங்களே தேய்த்து வழவழப்பாக்கிய பாறை. கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துக்குள் நுழைந்து சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். நம் பக்கம் குரங்கணியிலிருந்து இருப்பது நடைபாதை.

அந்த ஏற்றத்தில், ஓர் ஆடி மாதச் சாரலில், என் வண்டியின் பின் டிஃப் லாக் (பின் சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் சிமிட்டும், நின்று எரியாது. பூப்பாறைக்கு இறங்கி ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல் "சென்சார் போச்சு" என்றார்கள். லாக் விழுந்ததா என்று பார்த்து விளக்குக்குச் சொல்லும் சின்னப் பாகம் அது. மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்து மாட்டினோம். நாலு நாள் ஒழுங்காக எரிந்தது. ஐந்தாம் நாள் பழைய கதை. இரண்டாவது சென்சாரும் வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைசியில் பார்த்தால் கோளாறு சென்சாரிலேயே இல்லை. ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே தொங்குகிற வயரில், சென்சாரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேல் உறை நன்றாக இருக்க உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. சென்சார் மாற்றும்போது வயரை அசைத்ததில் அறுந்த முனைகள் ஒட்டிக்கொண்டு நாலு நாள் வேலை செய்திருக்கின்றன.

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அந்தப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மலையாளி மெக்கானிக். எல்லோருக்கும் அவர் ஆசான். "என்ன ஆசானே, மூணாவது சென்சாரும் வாங்கணுமா?" என்று கேட்டேன். அவர் டாஷ்போர்டு பக்கமே திரும்பவில்லை. "லைட்டல்ல மோனே நோக்கண்டது, வீலா" (பார்க்க வேண்டியது லைட்டை அல்ல மகனே, சக்கரத்தை) என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்தார். கீழே வருகிற வரிசை அன்று அவர் பார்த்த வரிசைதான். அதற்குப் பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில், உங்கள் வண்டியில் அந்தச் சென்சார் இருக்கிறதா?

டிஃபரென்ஷியலின் வேலை, திருப்பத்தில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற இடம் கொடுப்பது. தார் ரோட்டில் அது வரம். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினாலோ காற்றில் தூக்கிக்கொண்டாலோ அதுவே தலைவலி: எஞ்சின் விசை அந்தச் சும்மா சுற்றும் சக்கரத்தில் வீணாகும், நிலத்தைப் பிடித்திருக்கும் சக்கரம் அசையாது. இரண்டு பக்கத்து ஆக்சிலையும் ஒன்றாகப் பூட்டி இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைப்பதுதான் டிஃப் லாக்.

பூட்டுகிற முறை வண்டிக்கு வண்டி வேறு. ஃபோர்ஸ் குர்காவில் முன்னும் பின்னும் தனித்தனியாகப் பூட்டலாம், ஓட்டுநர் கையால் லீவரை இழுக்க வேண்டும். 2022-ல் இங்கே விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பட்டனை அழுத்தினால் பின் ஆக்சிலைப் பூட்டும் மின் அமைப்பு இருக்கிறது. 2024-ல் வந்த மஹிந்திரா தார் ராக்ஸின் 4x4 வகையிலும் பின்னால் எலக்ட்ரானிக் லாக். ஜீப் ராங்ளர் ரூபிகானில் முன்பின் இரண்டும் பட்டனில் பூட்டும், அதுவும் பொதுவாக 4எல்-லில் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியரில்) போட்டிருந்தால்தான்.

2020-ல் வந்த மஹிந்திரா தாரில் சில வகைகளுக்குக் கொடுத்த மெக்கானிக்கல் லாக் தனி ரகம். இரண்டு சக்கரங்களின் வேக வித்தியாசம் கூடினால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பட்டனும் இல்லை, பூட்டியதைச் சொல்லும் விளக்கும் இல்லை. அந்த வண்டிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து "என் லாக் சென்சார் எங்கே இருக்கு?" என்று கேட்டார். இல்லாததை எங்கே தேடுவது? வெளியில் வாங்கிப் போடும், காற்றழுத்தத்தில் பூட்டும் ஏர் லாக்கர்களிலும் கவனம் வேண்டும். அவற்றில் பெரும்பாலும் சுவிட்சுக்கு மின்சாரம் போனாலே விளக்கு எரியும். உள்ளே பூட்டியதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது.

சூரியநெல்லி ஸ்டாண்டில் நிற்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் இந்த வம்பே கிடையாது. அந்த அண்ணன்மார் என் வண்டியைப் பார்த்துச் சிரித்ததை இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை.

விளக்கின் பாஷை

பட்டன் வகையில் சிமிட்டலுக்கு அர்த்தம் பொதுவாக ஒன்றுதான்: "பூட்டச் சொல்லிவிட்டாய், பூட்டியதாக எனக்கு இன்னும் தகவல் வரவில்லை." தகவல் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். உண்மையிலேயே பூட்டவில்லை. அல்லது பூட்டிவிட்டது, செய்தி வந்து சேரவில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் பாகம் வாங்கினால் என் கதைதான்.

கொஞ்ச நேரம் சிமிட்டுவது கோளாறே அல்ல. உள்ளே இருக்கும் பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் கோர்த்துக்கொள்ளும். வண்டியை மெதுவாக நாலடி முன்னே பின்னே நகர்த்தி, ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டினால் "டக்" என்று விழுந்து விளக்கு நிலையாக எரியும். விடுவிக்கும்போதும் இப்படித்தான். பட்டனை அணைத்த பிறகும் விளக்கு எரிந்தால், ஆக்சிலில் முறுக்கு ஏறி பற்களை இறுக்கிப் பிடித்திருக்கும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும்.

இன்னொரு பயம், லாக் போட்டதும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பது) விளக்கும் டிராக்‌ஷன் விளக்கும் சேர்ந்து எரிவது. டொயோட்டா போன்ற பல வண்டிகளில் டிஃப் பூட்டியிருக்கும் வரை அந்த வசதிகள் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்படுகின்றன. லாக் விட்டதும் அவையும் அணைந்தால் எந்தக் குறையும் இல்லை. அணையாவிட்டால்தான் பேச்சு.

வண்டியோடு வந்த புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். 4எல் போட்டிருக்க வேண்டும், வேகம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அது நிறைவேறாவிட்டால் பட்டனை எத்தனை தரம் அழுத்தினாலும் வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது.

படி 1: சக்கரத்தைக் கேளுங்கள்

அவசரப்பட்டு யாரும் செய்யாத படி இது. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

சமதரை வேண்டும். எங்கள் மலையில் அதைத் தேடுவதே பெரிய பாடு. நான் சர்ச் முற்றத்தில் கேட்டு வாங்கிச் செய்வேன். பின் ஆக்சிலைப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு இருபுறமும் ஸ்டாண்டு வைத்து இறக்குங்கள். இரண்டு பின் சக்கரமும் தரையைத் தொடக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஸ்டாண்டாக நினைக்காதீர்கள். ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் அதை விட்டாக வேண்டும். கட்டை நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

இந்த நிலையில் எக்காரணத்தைக் கொண்டும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. 4எல்-லில் இருக்கும் வண்டியின் முன் சக்கரங்கள் தரையில் இருக்கின்றன. கிளட்ச் பெடலை விட்டதும் வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாயும்.

எஞ்சின் அணைந்திருக்க, 4எல் போட்டு, முதல் கியரில் விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். இனி ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லாக் போடாத நிலையில் எதிர்ப்பக்கச் சக்கரம் தலைகீழாகச் சுற்றும். அதாவது டிஃப் திறந்திருக்கிறது. அப்புறம் சாவியைத் திருப்பி இக்னிஷனை மட்டும் ஆன் செய்து லாக் பட்டனை அழுத்துங்கள். லீவர் வகை என்றால் இழுங்கள். பற்கள் சேர்வதற்காகச் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பூட்டிவிட்டால் சக்கரம் சுற்றாது, சின்ன விளையாட்டு மட்டும் இருக்கும்.

உடன் ஒருவர் உள்ளே உட்கார்ந்து விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு என் மைத்துனர் உட்கார்ந்தார். "மாமா, சிமிட்டுது" என்றார். கீழே சக்கரம் இரும்பு மாதிரி நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் பாதிக் கோளாறு தெரிந்துவிட்டது: லாக் நல்லது, செய்திதான் போய்ச் சேரவில்லை.

நாலு விடைகள் வரலாம். சக்கரம் பூட்டியது, விளக்கு சிமிட்டுகிறது: வயர், எர்த், சென்சார் பக்கம் போங்கள். சக்கரம் பூட்டவில்லை, விளக்கும் சிமிட்டுகிறது: சென்சார் உண்மையைச் சொல்கிறது, அதைத் தொடாதீர்கள், கோளாறு பூட்டும் பக்கத்தில். சக்கரம் பூட்டவில்லை, விளக்கு மட்டும் நிலையாக எரிகிறது: செய்தி வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது சென்சார் ஒட்டிக்கொண்டது. நாலில் ஆபத்தானது இதுதான். பூட்டியிருப்பதாக நம்பிச் சேற்றில் இறங்குவீர்கள். ஏபிஎஸ்ஸை நிறுத்தி வைக்கும் வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டரும் அதே பொய்யை நம்பலாம். போடிமெட்டிலிருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவு, ஏபிஎஸ் இல்லாமல் மழையில் இறங்கிப் பார்க்க வேண்டாம். நாலாவது, எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியானால் விட்டுவிட்டு வரும் கோளாறு. அதற்குக் கீழே வழி இருக்கிறது.

படி 2: பூட்டவே இல்லை என்றால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சென்சார் விஷயம் அல்ல. ஃபியூஸ், ரிலே, பேட்டரி மூன்றையும் முதலில் பாருங்கள். இரவெல்லாம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12.2-க்குக் கீழே என்றால் பாதிதான் இருக்கிறது. சின்னக்கானல் குளிரில் விடிகாலை மட்டும் லாக் விழவில்லை என்றால் என் சந்தேகம் பேட்டரி மேல்தான் முதலில் போகும். லீவர் வகையில் கேபிள் தொய்ந்திருந்தால் உள்ளே பற்களைத் தள்ளிக் கோர்க்கும் கவை முழுத் தூரம் நகராது, பற்களும் பாதியில் நிற்கும். சின்ன மோட்டார் பூட்டும் வகையில் பட்டனை அழுத்தும்போது ஆக்சில் பக்கம் காது வைத்தால் "கிர்" என்று கேட்கும். மின்காந்தச் சுருள் வகை என்றால் சுருளின் மின்தடை சில ஓம்கள்தான் இருக்கும். நாலு ஓம் சுருள் 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டர் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது.

படி 3: வயர், கப்ளர், எர்த்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. மலையில் ஓடும் வண்டிகளில் பத்தில் எத்தனை வயர் கோளாறு என்று கணக்கு வைத்ததில்லை. நான் பார்த்த வண்டிகளில் சென்சார் செத்ததைவிட வயர் செத்ததுதான் அதிகம்.

காரணம் இருக்கிறது. சென்சார் ஆக்சில் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சில் குழியில் இறங்கி மேட்டில் ஏறி ஆடிக்கொண்டே இருக்கும். வயரின் மறுமுனையோ ஆடாத சேசிஸில் கட்டியிருக்கிறது. நடுவில் இருக்கும் அந்த வளைவு ஒவ்வொரு குழியிலும் மடங்கி விரியும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். பெரிய ஸ்பிரிங் போட்டு வண்டியை உயர்த்தியவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஆக்சில் முன்னைவிடக் கீழே தொங்குவதால் வயர் இழுபட்டுக் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்கை) பிடுங்கப் பார்க்கும். ஏலத்தோட்டத்து ஷெட்டில் வண்டி நிறுத்தினால் எலியும் உண்டு.

பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். பிறகு சென்சாரிலிருந்து வயரைக் கையால் தடவிக்கொண்டே சேசிஸ் வரை போங்கள். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். ஒரு இடத்தில் வயர் வழக்கத்துக்கு மாறாகக் கொழகொழவென்று வளைந்தால் உள்ளே செம்பு இல்லை என்று அர்த்தம். சைலன்சர் அருகில் உருகியிருக்கிறதா, பிரேக் ஹோஸோடு உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கப்ளரைப் பிரியுங்கள். பின்னில் பச்சையாகப் பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல் பூச்சு போய் அடுத்த மழையில் இன்னும் வேகமாகப் பூக்கும். கப்ளருக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் அது நல்ல தடயம்: சென்சாரின் உள் அடைப்பு விட்டு, கிரவுன் ஆயில் (டிஃபரென்ஷியல் பல்சக்கரங்கள் ஊறிக் கிடக்கும் ஆயில்) வயருக்குள் ஊறி ஏறி வந்திருக்கிறது. அப்படியானால் சென்சார் மாற்ற வேண்டியதுதான். வாட்டர் சர்வீஸில் கப்ளருக்கு நேரே பீய்ச்சி அடிக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். சேறு போகும், கூடவே ரப்பர் சீலும் போகும்.

இனி மீட்டர். சென்சார் பக்கமும் கம்ப்யூட்டர் பக்கமும் கப்ளர்கள் கழன்றிருக்க, வயரின் இரு முனையிலும் மீட்டரை பீப் சத்தத்தில் வைத்துக்கொண்டு, வயரை ஒரு ஜாண் ஒரு ஜாணாக மடக்கி ஆட்டுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் அந்த இடத்தில்தான் அறுந்திருக்கிறது. ஒவ்வொரு வயரையும் பாடியோடும் பாருங்கள். எர்த் அல்லாத வயர் பாடியோடு பீப் அடித்தால் உரசி ஷார்ட். எங்கள் கோளாறு ஆட்டிப் பார்த்த இந்த ஆட்டத்தில்தான் பிடிபட்டது. சும்மா வைத்துப் பார்த்தபோது மீட்டர் நல்ல பிள்ளையாக பீப் அடித்துக்கொண்டிருந்தது.

எர்த்தை மறக்க வேண்டாம். ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் அதன் எர்த் ஆக்சில் உடம்பு வழியாகத்தான் வருகிறது. பேட்டரியை மறுபடி மாட்டி, விளக்கு எரிய வேண்டிய நிலையில் வைத்து, பேட்டரி நெகடிவுக்கும் ஆக்சில் உறைக்கும் நடுவே வோல்ட் அளவுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டுங்கள்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது போடி போய்ச் சேரும் வரைக்கும்தான். நிரந்தரமாகச் செய்வதென்றால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து, அதே கனமுள்ள நல்ல வயரைப் போட்டு, ஜாயிண்டை ஆடாத சேசிஸ் பக்கம் வையுங்கள். ஆடும் வளைவில் சாலிடர் வைத்தால் சாலிடர் முடியும் இடத்தில் மறுபடி ஒடியும். பசையோடு வரும் சுருங்கு குழாயைச் சூடுகாட்டிப் போர்த்துங்கள். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போதும் வயரில் தொய்வு இருக்கும்படி விடுங்கள்.

படி 4: சென்சாரையே சோதிப்பது

வயர் சுத்தம் என்றால் இப்போதுதான் சென்சாரின் முறை. அதிலும் இரண்டு ஜாதி உண்டு, சோதனையும் வேறு வேறு.

ஒன்று அல்லது இரண்டு வயர் வந்தால் பெரும்பாலும் அது சாதாரண சுவிட்ச். முனையில் ஒரு குண்டோ குச்சியோ இருக்கும். கவை நகர்ந்து அதை அழுத்தினால் உள்ளே மின்சுற்று சேரும். கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து, முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒற்றை வயர் என்றால் மீட்டரின் மறுமுனை சுவிட்சின் உடம்பில். அழுத்தாதபோது முடிவிலி, அழுத்தினால் பூஜ்யத்தை ஒட்டி. சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும், முக்கியம் மாற வேண்டும் என்பதுதான். பத்து தரம் அழுத்தி பத்து தரமும் ஒரே மாதிரி மாறினால் நல்ல சுவிட்ச். அழுத்தினால் சேரும் இரண்டு வயர் சுவிட்சில் இன்னொரு சுலபச் சோதனை: கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு பின்னையும் சின்ன வயரால் சேர்த்தால் விளக்கு நிலையாக மாற வேண்டும். மாறினால் சென்சாருக்கு அப்பால் எல்லாம் நலம்.

மூன்று வயர் வந்தால் அது பெரும்பாலும் காந்தத்தை உணரும் ஹால் சென்சார். மேலே சொன்ன வயர் சேர்க்கும் வேலையை இதில் செய்யவே கூடாது, கம்ப்யூட்டர் போய்விடும். ஓம்ஸிலும் பார்க்காதீர்கள், ஒன்றும் தெரியாது. கப்ளர் மாட்டியபடியே இருக்க, பின்பக்கமாக மெல்லிய ஊக்கை நுழைத்து வோல்ட் பாருங்கள். வயர் உறையைக் குத்திக் கிழிக்க வேண்டாம், அந்தத் துளை வழியே அடுத்த மழை உள்ளே வரும். ஒரு வயரில் சப்ளை இருக்கும், வண்டியைப் பொறுத்து 5 வோல்ட்டோ 12-ஓ. ஒன்று எர்த். மூன்றாவது செய்தி. லாக் போட்டு எடுக்கும்போது செய்தி வயரின் வோல்ட் மாற வேண்டும். சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்து, சக்கரம் பூட்டியும் செய்தி மாறவில்லை என்றால், இப்போது தாராளமாகச் சொல்லலாம்: சென்சார் போச்சு.

சொல்வதற்கு முன் ஒரு நிமிடம். கழற்றி முனையைத் துடையுங்கள். காந்தமுள்ள சென்சார் முனையில் பல் தேய்ந்த இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும். அந்த மீசையே சென்சாரை ஏமாற்றும். துடைத்ததில் மட்டுமே சரியான வண்டியைப் பார்த்திருக்கிறேன். மாவு மாதிரி தூள் வழக்கமானது. நகக்கண் அளவு சில்லு வந்தால் சென்சாரை விட்டுவிட்டுக் கிரவுனைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் இதற்கும் முன்பே ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம். மலிவான புளூடூத் ஸ்கேனர்களில் பல எஞ்சின் கோடுகளோடு (கோளாறைச் சொல்லும் குறியீடுகளோடு) நின்றுவிடும். லாக் கோளாறு பெரும்பாலும் 'சி' என்றோ 'யு' என்றோ தொடங்கும், அதைப் படிக்கிற கருவி வேண்டும். நேரடித் தகவலில் "கேட்ட நிலை", "இருக்கும் நிலை" இரண்டும் தெரிந்தால் மீட்டர் வேலை பாதி மிச்சம். ஆனால் கோடு வந்த உடனே அதில் பெயர் வந்த பாகத்தை வாங்காதீர்கள். சென்சார் சர்க்யூட் என்று கோடு சொன்னால் சென்சார், வயர், கப்ளர், எர்த் எல்லாமே அதில் அடக்கம்.

படி 5: மாற்றுவது

கழற்றும் முன் சுற்றிலும் இருக்கும் சேற்றைப் பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். இல்லாவிட்டால் கொழுக்குமலை மண் நேரே கிரவுனுக்குள் விழும். ஆயில் மட்டத்துக்குக் கீழே சென்சார் இருந்தால் அடியில் தட்டு வையுங்கள்.

பலர் தவறுகிற இடம் வாசர். சுவிட்ச் வகையில் குச்சி எவ்வளவு உள்ளே நீட்டுகிறது என்பதுதான் எல்லாம். ஆயில் கசிகிறதே என்று யாரோ இரண்டு வாசர் போட்டு முறுக்கியிருப்பார்கள். கசிவு நிற்கும், சுவிட்ச் அரை மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும், கவை அதைத் தொடாது. புதுச் சென்சார் மாட்டியும் விளக்கு வரவில்லையா, பழைய வாசரின் கனத்தையும் புதியதன் கனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றை வயர் சுவிட்சில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவதும் வேண்டாம், உடம்பு வழியே வரும் எர்த்தை அது கெடுக்கலாம். அளவு முறுக்கு எவ்வளவு என்று ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் இருக்கும். அலுமினிய உறையில் கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அப்புறம் சென்சார் விலையெல்லாம் சில்லறை.

ஆயில் எவ்வளவு வெளியே போனதோ அவ்வளவு அதே தரத்தில் ஊற்றுங்கள். அது பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், சுருங்கினால் எங்கிருந்தாவது உறிஞ்சும். ஆக்சிலின் மேலே இருக்கும், காற்று போய்வரும் பிரீதர் குழாய் மண்ணால் அடைபட்டிருந்தால் சீல் வழியாகவும் சென்சார் வழியாகவும் தண்ணீர் வரும், பிடுங்கிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டை வழியாகவே வரும். அதைச் சரிசெய்யாமல் சென்சார் மட்டும் மாற்றினால் அடுத்த ஆடிக்கு மறுபடி கூப்பிடுவீர்கள்.

விட்டு விட்டு வரும் கோளாறு

வீட்டு வாசலில் ஒழுங்காக எரிந்து மலையில் மட்டும் சிமிட்டும் வண்டிக்கு மலையைத்தான் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டாண்டில் இருக்கும்போதே லாக் போட்டு, வயரை ஆட்டுங்கள், கப்ளர் மேல் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் தெளியுங்கள், கப்ளருக்கு அருகே தலை காயவைக்கும் மெஷினால் சூடு காட்டுங்கள். பூப்பாறைக் குளிரில் சரியாகவும் போடி வெயிலில் தவறாகவும் இருக்கும் ஜாயிண்ட் இந்தச் சூட்டில் அகப்படும். எப்போது வருகிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்தாலும் உதவும்: மழைக்குப் பிறகா, ஏற்றத்திலா, சக்கரம் தொங்கும்போதா.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்

பூட்டியது விடவில்லை என்றால் முதலில் நேராக ரிவர்ஸ். அதற்கும் விடவில்லை என்றால் உங்கள் லாக் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். மின்காந்தச் சுருள் வகையில் ஃபியூஸை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளிவிடும். மோட்டார் வகையில் ஃபியூஸை எடுத்தால் பெரும்பாலும் இருந்த நிலையிலேயே நிற்கும், எடுத்துப் பயனில்லை. பூட்டிய வண்டியைத் தார் ரோட்டுக்கு ஏற்ற வேண்டாம். கொண்டை ஊசியில் வண்டி திரும்ப மறுக்கும், ஆக்சிலும் டயரும் சேர்ந்து அழும். மண் ஓரத்தில் நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

சென்சார் வயரைச் சேர்த்து முறுக்கி "லைட் எரியுது பாருங்க" என்று காட்டுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வண்டியைத்தான் சாந்தன்பாறை பக்கம் சேற்றிலிருந்து கயிறு கட்டி இழுத்தோம். விளக்கு கடைசி வரை அழகாக எரிந்துகொண்டிருந்தது.

என்னிடமிருந்து கழற்றிய இரண்டு பழைய சென்சாரும் இன்னும் டூல் பாக்ஸில் கிடக்கின்றன. போன வாரம் மீட்டரில் வைத்து அழுத்திப் பார்த்தேன். இரண்டுமே நல்ல சென்சார்.